மலையடிவாரத்து ஊரில் நான்கு நாட்கள்



ஆல்ப்ஸ் மலைத்தொடரின் இத்தாலியப் பக்கத்தில், தூரின் மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், தோரே பெல்லிச்சே என்னும் சிற்றூர் இருக்கிறது. பெல்லிச்சே, அங்ரோன்யா என்ற இரண்டு மலையாறுகள் கூடும் இடம் அது. கடல் மட்டத்திலிருந்து 516 மீட்டர் உயரம். மக்கள்தொகை ஐயாயிரத்தை எட்டாது. 1882-ஆம் ஆண்டு அவ்வூருக்கு வந்த இரயில் 2012-இல் நின்றுபோயிற்று. இப்பொழுது பினெரோலோ நகரிலிருந்து பேருந்தில்தான் போகவேண்டும். அங்கே நான்கு நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த வாரம் அந்த ஊருக்கு உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விரைந்து நடக்கக் கூடாது. விரைந்து நடப்பவருக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும்.

வால்டென்சியர் என்னும் பெயரைத் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில் உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். மார்ட்டின் லூத்தருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்டவர்கள் அவர்கள். பிரான்சு தேசத்து லியோன் நகரில் வால்டோ என்னும் செல்வந்த வணிகர் 12-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தம் உடைமைகளைத் துறந்தார். வேதாகமத்தின் சில பகுதிகளை மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்து தெருவில் பிரசங்கிக்கத் தொடங்கினார். அனுமதியின்றிப் பிரசங்கிக்கிறார்கள் என்பதே அவர்மேலும் அவரைப் பின்பற்றியவர்கள்மேலும் வந்த முதற்குற்றச்சாட்டு. 1184-இல் வெரோனா நகரில் கூடிய சங்கம் அவர்களைத் திருச்சபைக்குப் புறம்பானவர்களென்று தீர்த்தது. துரத்தப்பட்டவர்கள் பல தேசங்களிலும் சிதறினார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் இந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் வந்து தங்கினார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊரின் நடுவே பெக்வித் தெரு என்று ஒரு தெரு. ஆலயம், சினாடு கூடும் மன்றம், பழைய கல்லூரி, அருங்காட்சியகம் எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. இதை முதலில் பார்த்துவிட்டு ஊர் முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அங்ரோன்யாப் பள்ளத்தாக்கின் மேல் ஏறுவோம். அங்கே போய்விட்டு வந்தால்தான் இந்தத் தெரு விளங்கும்.

மலைப்பாதையில் கஷ்கொட்டை மரங்களின் நிழலில் ஏறிச் சென்றால், பாறைகளுக்கு இடையே ஒரு குகை இருக்கிறது. நுழைவாயிலில் குனிந்து, தவழ்ந்துதான் போகவேண்டும். உள்ளே போனபின் நிமிர்ந்து நிற்கலாம். உபத்திரவக் காலங்களில் விசுவாசிகள் இங்கே மறைந்து ஆராதித்தார்கள் என்பது அவ்வூராரின் வழிவழிச் செய்தி. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் குகைகளில் தங்கிய பரிசுத்தவான்களைப் பற்றி நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். முழங்கால் சிராய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தபின் அந்த வசனம் எனக்கு வேறாகத் தெரிந்தது. அங்கே பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. பிள்ளை அழக் கூடாது.

பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் அவர்களுடைய ஊழியக்காரர்களுக்கான பள்ளி இருந்தது என்பர். ஒரு கல்மேசையை இன்றும் காட்டுகிறார்கள். அந்த ஊழியக்காரரை மக்கள் 'பார்பா' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்குச் சிற்றப்பா, மாமா என்று பொருள். 'தந்தை' என்ற பட்டத்தைப் பரமபிதாவுக்கே விட்டுவிட்டு, தங்கள் போதகர்களை மாமா என்று உறவு சொல்லி அழைத்த சபை அது! மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக, இரண்டிரண்டு பேராய், சிறு வணிகர் வேடத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் கையெழுத்து வேதப்பகுதிகளைத் துணிகளுக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள். அவ்வளவு சிறிய புத்தகம் ஏன் என்று கேட்கத் தேவையில்லை. பிடிபட்டால் மரணம். ஆகவே வேதத்தின் நீண்ட பகுதிகளை மனப்பாடம் செய்துகொண்டார்கள். மனத்தில் இருப்பதை எந்த அதிகாரியும் சோதனையிட்டு எடுக்க முடியாதல்லவா?

இந்த மறைவு வாழ்க்கையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். வெளியே அவர்கள் எல்லாரையும்போல் அக்காலத்துத் திருச்சபையின் பூசைக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்து இரகசியமாகத் தங்கள் பார்பாவுக்குச் செவிகொடுத்தார்கள். முன்னூறு ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார்கள். அதைக் கோழைத்தனமென்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். மூன்று தலைமுறை ஒளிந்து வாழ்ந்து பார்க்காத நாம் அப்படிச் சொல்லாதிருப்பது நலம்.

1532-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்ரோன்யாவில் ஷான்ஃபொரான் என்ற புல்வெளியில் அவர்கள் கூடினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கில்லோம் ஃபாரெல் போன்ற சீர்திருத்தவாதிகள் வந்திருந்தனர். ஆறு நாள் விவாதத்தின் முடிவில் அவர்கள் சீர்திருத்தத்தோடு இணைந்தார்கள். இனி வெளிப்படையாக ஆராதிப்பது என்று தீர்மானித்தார்கள். அதோடு இன்னொரு காரியமும் செய்தார்கள். வேதாகமம் முழுவதையும் பிரெஞ்சு மொழியில் புதிதாகப் பெயர்த்து அச்சிடப் பணம் திரட்டினார்கள். 1500 பொற்காசுகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஆடு மேய்ப்பவர்களும் மலைச்சரிவில் கம்பு விதைப்பவர்களும் கொடுத்த பணம் அது. கால்வினின் உறவினரான ஒலிவெத்தான் மொழிபெயர்த்தார். 1535-இல் அது வெளிவந்தது. இதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. அவர்கள் வீட்டில் பேசிய மொழி பிரெஞ்சு அன்று; அந்த மலைகளின் வட்டார மொழி. தங்களுக்காக மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தை வேறுவிதமாகச் செலவிட்டிருப்பார்கள்.

வெளியே வந்ததற்கு விலை இருந்தது. 1561-இல் சவோய் பிரபு ஓர் உடன்படிக்கையின் மூலம் மேற்பள்ளத்தாக்குகளில் மட்டும் ஆராதிக்க இடங்கொடுத்தார். ஐரோப்பாவில் ஓர் அரசன் தன் மதத்தைச் சேராத குடிகளுக்கு எழுத்தில் கொடுத்த முதல் உரிமைகளுள் அது ஒன்று. ஆனால் வரையப்பட்ட எல்லையைத் தாண்டிக் கீழே குடியிருக்கக் கூடாது. மலையே அவர்களுக்குச் சுவராயிற்று. 1630-இல் கொள்ளைநோய் வந்து போதகர்களில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்று. ஜெனீவாவிலிருந்து வந்த புதிய போதகர்கள் பிரெஞ்சு மொழியிலேயே பிரசங்கித்ததால், சபையின் ஆராதனை மொழியே மாறிப்போயிற்று.

இனி 1655-க்கு வருவோம். ஊருக்கு மேலே வண்டலினோ மலைச்சரிவில் காஸ்தெலூட்சோ என்ற பெரும்பாறை செங்குத்தாக நிற்கிறது. ஊரில் எங்கே நின்றாலும் அது கண்ணில் படும். முதல் நாள் காலையில் அதன்மேல் வெயில் விழுந்தபோது, என்ன அழகு என்று எண்ணினேன். மாலையில் அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தபின் அதைப் பார்க்க மனம் வரவில்லை.

அவ்வாண்டு சனவரியில், எல்லைக்குக் கீழே குடியிருக்கும் வால்டென்சியர்கள் சில நாட்களுக்குள் மலைமேல் போய்விட வேண்டும், அல்லது மதம் மாற வேண்டும் என்று ஆணை பிறந்தது. பனிக்காலத்தில் முதியோரும் கைக்குழந்தைகளும் மேலேறினார்கள். ஏப்ரலில் பியனேசா பிரபுவின் தலைமையில் படை வந்தது. பேச்சுவார்த்தையின் பெயரால், படைவீரர்களைச் சில நாட்கள் வீடுகளில் தங்கவைத்து உண்பிக்கும்படி மக்களைச் சம்மதிக்கச் செய்தார்கள். சம்மதித்தார்கள். இருந்த ரொட்டியைப் பகிர்ந்து, அடுப்பருகே இடங்கொடுத்தார்கள். ஏப்ரல் 24 விடியுமுன் குறி கொடுக்கப்பட்டது. உபசரித்தவர்களை விருந்தினர்கள் வெட்டினார்கள். பிள்ளைகளும் பெண்களும் முதியவர்களும் தப்பவில்லை. காஸ்தெலூட்சோவின் உச்சியிலிருந்து மனிதர்களை உருட்டித் தள்ளினார்கள். வரலாறு அதைப் 'பியட்மாண்ட் ஈஸ்டர்' என்று அழைக்கிறது. செய்தி இங்கிலாந்தை எட்டியபோது குரோம்வெல் தேசமெங்கும் உபவாச நாள் கூறி, ஏறத்தாழ 38,000 பவுண்டு காணிக்கை திரட்டினார். அவருடைய அரசின் இலத்தீன் செயலராக இருந்த மில்டன் கண்டனக் கடிதங்களை எழுதினார், கவிதையும் எழுதினார். திரட்டிய பணத்தில் ஒரு பகுதி அந்த மலைக்கு வந்து சேரவேயில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும். பிரான்சின் பதினான்காம் லூயியின் நெருக்குதலால் 1686 சனவரியில் சவோய் பிரபு எல்லா ஆராதனையையும் தடைசெய்தார். ஆலயங்களை இடிக்கச் சொன்னார். பிறக்கும் பிள்ளைகளெல்லாம் கத்தோலிக்க ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார். எதிர்த்தவர்கள் மே மாதம் சில நாட்களிலேயே முறியடிக்கப்பட்டார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோட்டைச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். பசியிலும் நோயிலும் அங்கே பெருந்தொகையினர் மாண்டார்கள். மீந்த சில ஆயிரம் பேரை அடுத்த குளிர்காலத்தில் பனிமூடிய கணவாய்களின் வழியாக ஜெனீவாவுக்கு நடக்கவிட்டார்கள். பள்ளத்தாக்குகளில் வேறு மக்கள் குடியேற்றப்பட்டனர். அந்த மூன்றாண்டுகள் தோரே பெல்லிச்சேயில் ஒரு வால்டென்சியக் குரலும் கேட்கவில்லை.

பெக்வித் தெருவில் ஆலயத்துக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. மேலங்கி அணிந்த மனிதர், கையில் வாள். அவர் படைத்தலைவர் மட்டுமல்லர், ஒரு போதகர்: ஆன்றி அர்னோ. 1689 ஆகஸ்டு மாத இறுதியில், ஜெனீவா ஏரிக்கரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரை இரவில் புறப்படச் செய்து, பனிமலைகளைக் கடந்து, இரண்டு வாரத்துக்குள் தாயகத்துக்குள் நுழைந்தவர். சிபோ என்னும் இடத்தில் ஒருவரையொருவர் கைவிடோம் என்று ஆணையிட்டார்கள். குளிர்காலம் முழுவதும் பால்சில்யா என்ற பாறைக்கோட்டையில் முற்றுகையைத் தாங்கினார்கள். மே மாதத்தில் முந்நூறு பேரளவில் மீந்தவர்கள் மூடுபனியின் மறைவில் தப்பினார்கள். அடுத்த சில நாட்களில் சவோய் பிரபு பிரான்சோடு பகைத்துக்கொண்டு அணி மாறினார். நேற்று வேட்டையாடியவர்களை இன்று துணைக்கு அழைத்தார். அப்படித்தான் வீடு திரும்பினார்கள். அவர்கள் அதை 'மகிமையான மீட்சி' என்கிறார்கள்.

நானோ அந்தச் சிலைக்கு முன் நெடுநேரம் நின்றேன். போதகன் கையில் வாள் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. வழியில் பிடித்த கைதிகளைக் கொன்றார்கள்; அர்னோவின் பெயரால் வெளிவந்த வரலாறே அதை மறைக்கவில்லை. தங்கள் வீடுகளில் குடியேற்றப்பட்டிருந்த ஏழைக் குடியானவர்களைத் துரத்தினார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இவ்வளவு செய்து மீட்ட ஊரில் அர்னோவால் வாழவும் முடியவில்லை. 1698-இல் பிரபு மறுபடியும் மனம் மாறி, பிரெஞ்சு மண்ணில் பிறந்த சீர்திருத்தச் சபையாரை வெளியேற்றினார். அர்னோ ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் நாட்டில் அகதிகளின் போதகராகவே 1721-இல் மரித்தார்.

சுதந்தரம் 1848 பிப்ரவரி 17-இல் வந்தது. சார்டீனிய மன்னர் கார்லோ ஆல்பெர்த்தோ கையெழுத்திட்ட ஆணை குடியுரிமை அனைத்தையும் கொடுத்தது. ஆராதனையைப் பற்றி மட்டும், எதுவும் மாறவில்லை என்றது! என்றாலும் செய்தி மலைக்கு எட்டியபோது மக்கள் உச்சிகளில் தீ மூட்டினார்கள். ஒரு முகட்டில் தீயைக் கண்டு அடுத்த முகட்டில் மூட்டினார்கள். இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 16 மாலையில் அந்தத் தீ எரிகிறது.

பெக்வித் யாரென்று சொல்லாமல் விட்டேனே. வாட்டர்லூ போரில் ஒரு காலை இழந்த ஆங்கிலேயப் படை அதிகாரி. வெலிங்டன் பிரபுவைக் காணப் போய்க் காத்திருந்த வேளையில், நூலகத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்தால் வால்டென்சியரைப் பற்றி அறிந்தார். 1827-இல் வந்தார், வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்து 1862-இல் இங்கேயே மரித்தார். மரக்காலோடு மலைக்குடியிருப்புகளுக்கு ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட ஓரறைப் பள்ளிகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் செய்தார். சுதந்தரம் வந்தபோது, இனி மிஷனரிகளாய் இருங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாமற் போவீர்கள் என்ற கருத்தில் அவர் எச்சரித்ததை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மரக்கால் மனிதரே வாளேந்திய போதகரைவிட நெருக்கமாகத் தோன்றினார்.

இப்பொழுது சினாடு மன்றத்துக்குள் வாருங்கள். 1889-இல் கட்டப்பட்டது. சுவரில் பாறையைப் பற்றி நிற்கும் ஒரு கருவாலி மரத்தின் ஓவியம். இத்தாலியக் குடியரசின் சின்னத்தை வரைந்த பாவ்லோ பாஸ்கெத்தோ என்ற இவ்வூர்க்காரர் 1939-இல் தீட்டியது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் போதகர்களும் சபையாரும் சம எண்ணிக்கையில் இங்கே கூடுகிறார்கள்.

2015 ஜூன் 22 அன்று போப் பிரான்சிஸ் தூரினிலுள்ள வால்டென்சிய ஆலயத்துக்கு வந்தார். எண்ணூறு ஆண்டுகளில் எந்தப் போப்பும் செய்யாத காரியம் அது. கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றில் அவர்களிடம் கிறிஸ்துவுக்கும் மனிதத்தன்மைக்கும் ஒவ்வாதபடி நடந்துகொண்டதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆகஸ்டில் இந்த மன்றத்தில் கூடிய சினாடு மறுமொழி எழுதிற்று. அந்த வேண்டுதலை மரியாதையோடும் நெகிழ்ச்சியோடும் ஏற்றுக்கொள்கிறோம் என்றது. புதியதொரு வரலாறு தொடங்குவதைக் கண்டு மகிழ்ந்தது. ஆனால், தங்கள் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தியவர்களின் இடத்தில் நின்று, அவர்களுக்குப் பதிலாக மன்னிக்கும் உரிமை தங்களுக்கு இல்லை என்றும் எழுதிற்று.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். முன்பு இதை வாசித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏழெழுபது தரம் மன்னிப்பதைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தவன் நான்! இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒருவர் வந்து தலை வணங்கும்போது, மன்னித்தோம் என்ற ஒரு சொல்லில் என்ன குறைந்துபோகும் என்று எண்ணினேன். மூன்றாம் நாள் மாலை காஸ்தெலூட்சோவை நிமிர்ந்து பார்த்தபோது அந்த எண்ணம் நிலைக்கவில்லை. அங்கிருந்து தள்ளப்பட்ட பிள்ளையின் சார்பில் பேச யார் போவது?

அன்றிரவு வேதத்தைத் திறந்து தேடினேன். பிதாக்களின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிடும் ஜெபங்கள் உண்டு: தானியேல் 9-ஆம் அதிகாரம், நெகேமியா முதல் அதிகாரம். தாங்கள் செய்யாததற்காக அவர்கள் மண்டியிட்டார்கள். ஆகவே அந்தப் போப் செய்தது வேதத்துக்கு ஏற்றதே. ஆனால் மாண்டுபோன இன்னொருவருக்குச் செய்யப்பட்ட கொடுமையை அவருக்குப் பதிலாக மன்னித்தேன் என்று ஒருவர் சொல்லும் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. சிலுவையில் நம் ஆண்டவர் வேண்டிக்கொண்டது தம்மை அறைந்தவர்களுக்காக. ஸ்தேவான் வேண்டியதும் தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காகவே. சினாடு மன்னிக்க மறுக்கவில்லை என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கியது. தன்னுடையது அல்லாததை அது கொடுக்க மறுத்தது. அதை நியாயாதிபதியின் கையில் விட்டது. அர்னோவின் வாளுக்கு இரையானவர்களின் காரியமும் அதே கையில்தான் இருக்கிறது.

இது எனக்கு ஏன் இவ்வளவு பாரமாயிற்று என்பதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், என் ஊழியத்தின் தொடக்கத்தில், ஒரு சகோதரி என்னிடம் வந்தார். அவருடைய தாயாரை நெருங்கிய உறவினர் நிலத்துக்காக அவமானப்படுத்தி வீட்டைவிட்டு வெளியேற்றியிருந்தார்கள். தாயார் அந்தத் துக்கத்திலேயே மரித்துப்போனார். இப்பொழுது அந்த உறவினர் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். 'எனக்குச் செய்ததை மன்னித்துவிட்டேன் ஐயா. அம்மாவுக்குச் செய்ததை நான் எப்படி?' என்று கேட்டார். நான் ஐந்து நிமிடங்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிடுங்கள் அம்மா, அதுதான் கிறிஸ்தவம் என்று சொல்லி ஜெபித்து அனுப்பிவிட்டேன். அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைக் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம் என்றார். அன்று அவசரப்பட்டதற்காக வருந்துகிறேன் என்று சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'அங்கே அப்படி என்ன பார்த்தீர்கள் ஐயா?' என்று கேட்டார். குகையைப் பற்றியும் பாறையைப் பற்றியும் சினாடு எழுதிய மறுமொழியைப் பற்றியும் சொன்னேன். மறுமொழியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். 'அம்மாவின் காரியம் கர்த்தரிடம் இருக்கட்டும்' என்றார். பிறகு அந்தத் தீயைப் பற்றி விசாரித்தார்: பிப்ரவரி மாதத்துப் பனியில் விறகு எப்படிப் பற்றுகிறது என்று.